பூட்டிய அறையில் ஒரு சாடி

அந்த செல்லை முதல்ல கவுத்து வைங்க தாயி. கவுத்து வெச்சாலும் பதியுமா? சரி, பதியட்டும். பதியணும்னுதானே வந்திருக்கீக. ஆனா ஒண்ணு முதல்லயே பதிஞ்சுக்கங்க. இந்த வீட்டுல இப்ப ஒரு சொட்டு திராட்சை ரசம் கெடையாது. முன்னாடி போட்டதும் கோயிலுக்குத்தான், பூசைக்கு. அதுக்கு சாமியார் பேர்ல பர்மிட்டு இருந்துச்சு. நீங்க மதுவிலக்கு ஆபீஸ்ல இருந்து வந்திருந்தா, உங்க சோலி இதோட முடிஞ்சுபோச்சு.

இல்லையா? புஸ்தகமா? இந்த நாட்டுல ஒயினு எப்படி வந்துச்சு, யாரு போட்டாக, எப்படி வளந்துச்சுன்னு எழுதுறீகளா? நல்லது. எழுதுங்க. ஆனா மெயின் ரோட்டுல பஸ்ஸ விட்டு எறங்குனா முதல்ல வர்றது என் வீடு. என் வீட்டத் தாண்டி, சந்துக்குள்ள நுழைஞ்சு, எந்தம்பி சந்தியாகு வீட்டுல போயி உக்காந்துட்டு, அப்புறமா எங்கிட்ட வந்திருக்கீக. எம் பொஞ்சாதி பவுலி பாத்துட்டு வந்து சொன்னா. என்ன சொன்னான் அவன்? இல்ல, இப்பச் சொல்லாதீக. கடைசியில சொல்லுங்க. முதல்ல நான் சொல்றத கேளுங்க. ரெண்டும் ஒத்துவருதான்னு அப்புறம் பாப்போம்.

மேல பாருங்க. இந்தப் பந்தல் பூரா ஒரே கொடி. அடிமரம் என் தொடை தண்டி இருக்கா? ஊருல ஆளாளுக்கு எங்க கொடிதான் முதக் கொடின்னு சொல்லுவாக, நம்பாதீக. எல்லாம் இதுல வெட்டிக்கிட்டுப் போன குச்சி. பன்னீர்த் திராட்சை. கம்பத்துல இருந்து லாரி லாரியா கேரளாவுக்கு ஏத்துறாங்களே, அம்புட்டுக்கும் தாய் இதுதான்னு எங்க அப்பா சொல்லுவாரு. அவரு சொன்னதையும் நான் முழுசா நம்பல, அது வேற விசயம்.

இது வந்த கதைய அவரு இப்படிச் சொல்லுவாரு. வெள்ளக்கார சாமியார் காலத்துல பூசைக்கு ரசம் கப்பல்ல வரும். கப்பல்ல இருந்து எறக்கி, பீப்பாயோட மாட்டு வண்டியில ஏத்தி அனுப்புவாகளாம். வர்ற வழியில வண்டிக்காரன் ஒரு சொம்பு எடுத்துக் குடிப்பான். குடிச்ச அளவுக்குக் கொளத்துத் தண்ணிய ஊத்துவான். இங்க வந்து சேர்றப்ப பீப்பாய் தளும்பத் தளும்ப இருக்கும், ஆனா வாயில வெச்சா புளிச்ச தண்ணி. சாமியாருக்கு வந்துச்சே ஒரு சந்தேகம்! யாரு கையையும் நம்பக் கூடாதுன்னு அவங்க நாட்டுல இருந்து கொடிக்குச்சிய உருளைக்கெழங்குல சொருகி, வாடாம கொண்டாந்து நட்டாராம். அந்த உருளைக்கெழங்குக் கதை பொய்யா இருக்கலாம். சந்தேகப்பட்டாரு பாருங்க, அது நெசம். அந்த மனுசன் மட்டும் வண்டிக்காரன நம்பியிருந்தா இந்தப் பள்ளத்தாக்குல ஒரு குலைத் திராட்சை இருந்திருக்காது. அத எழுதிக்கங்க உங்க புஸ்தகத்துல.

அப்புறம் மதுவிலக்கு வந்துச்சு. ஊரு பூரா பழத்தத் திங்கலாம், விக்கலாம், ரசம் போடக் கூடாது. போட்டா உள்ள தூக்கி வெச்சிருவாக. பூசைக்கு மட்டும் விட்டாக. அப்படித்தான் இத்தன தோட்டத்துக்கு நடுவுல ரசம் போடுற வீடு எங்க வீடு ஒண்ணுதான்னு ஆச்சு. வருசா வருசம் சவேரியார் திருவிழாவுக்கு எங்க சாடி போகும். தேருக்கு முன்னாடி சாடி போகும் தாயி, மேளத்தோட. அது எங்களுக்கு எம்புட்டுப் பெரிய மரியாதை தெரியுமா?

எங்க அப்பா சாகுறதுக்கு முன்னாடி வேலைய ரெண்டாப் பிரிச்சாரு. கொடி எனக்கு, சாடி சந்தியாகுக்கு. அவனுக்குச் சின்னதுல இளம்பிள்ளை வாதம் வந்து எடது காலு சூம்பிப் போச்சு. பந்தல் கல்லு மேல நின்னு கொடியக் கவாத்து வெட்ட அவனால ஆகாது. அதனால கவாத்து, உரம், தண்ணி எல்லாம் நான். மொதப் பறிப்பு பழத்த நான் ஒரு மூங்கில் கூடையில அள்ளி, தலையில வெச்சு, சந்துக்குள்ள அவன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோயி எறக்கணும். அதுக்கு மேல நான் தொடக் கூடாது. அவன்தான் பெசைஞ்சு சாடியில ஊத்தி, ரசமாக்கி, திருவிழா அன்னிக்கு வெளிய கொண்டாரணும். நான் இல்லாம அவன் இல்ல, அவன் இல்லாம நான் இல்ல. எங்க அப்பா அப்படி ஒரு முடிச்சப் போட்டுட்டுப் போனாரு. நான் யோசிச்சுப் பாத்தேன், அவரு யாரு மேல சந்தேகப்பட்டு இப்படிச் செஞ்சாருன்னு. சந்தியாகு மேலதான் இருக்கணும்.

என்னத்தடா போடுறன்னு கேப்பேன். "வெறும் பழந்தாண்ணே"ம்பான். வெறும் பழம் எப்படித் தாயி அப்படி மணக்கும்? வேற ஏதோ போடுறான். ஒரு தடவ திடீர்னு உள்ள போயி நின்னேன். சாடி வாயில வெள்ளத் துணிய மட்டும் போத்திட்டு, பக்கத்துல உக்காந்து, சாடி மேல காத வெச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கான். என்னடா கேக்குறன்னேன். "பொங்குறப்ப பேசுதுண்ணே. நின்னதும் மூடணும்"னு சொன்னான். இது எப்படி இருக்கு? நான் கொண்டாந்து குடுத்த பழம் அவங்கிட்டப் பேசுதாம்.

கடுங்காப்பி குடிங்க. பவுலி போட்டது. அவ ஏன் அங்கயே நிக்கிறா தெரியுமா? நான் என்ன சொல்றேன்னு கேக்க. நீ போ பவுலீ, நான் ஒண்ணும் உன்னயப் பத்திச் சொல்லல.

இப்ப வெவகாரத்துக்கு வர்றேன். ஒரு வருசம் ஒயின் கம்பெனி வந்துச்சு. பேரு வேணாம். வடக்க நாசிக் பக்கம் எல்லாம் ஒயின் தொழில் பெருசாயிருச்சு, இனிமே இந்தப் பக்கமும் வரும்னு சொன்னாக. மலையடிவாரத்துல நெலம் புடிச்சு, துணி காயப்போடுற மாதிரி வரிசையாக் கம்பி கட்டி, ஏதோ வெளிநாட்டுக் கொடிய நட்டாக. பழம் சின்னச் சின்னதா கறுப்பா இருக்கும், வாயில போட்டா நாக்கு இழுத்துக்கும். உங்க பன்னீர்ப் பழம் திங்கத்தான் லாயக்கு, ஒயினுக்கு ஆகாதுன்னு எங்க தோட்டத்துக்கே வந்து சொன்னான் அந்த ஆபீசரு. கோயமுத்தூர்க்காரன், கண்ணாடி போட்டவன். ஆகாதுன்னு சொல்லிட்டுப் போனவன் போகணும்ல? மறு பறிப்புக்குத் திரும்பி வந்தான். இந்தக் கொடியச் சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தான். மண்ண எடுத்து மோந்து பாத்தான். அப்புறம் நேரா சந்தியாகு வீட்டுக்குப் போனான்.

நல்லாக் கேளுங்க. கொடி எங்கிட்ட இருக்கு. போனது அங்க. வெயிலு சாயுற வரைக்கும் ரெண்டு பேரும் உள்ள பேசிக்கிட்டு இருந்தாக. சந்தியாகு வெளிய வந்தப்ப சிரிச்ச மொகம். நான் கேட்டேன், என்னடா பேசுனீகன்னு. "ரசம் எப்படிப் போடுறதுன்னு கேட்டாருண்ணே, சொன்னேன்"னான். சொன்னியா? "சொன்னேண்ணே. மறைக்க என்ன இருக்கு?" அப்படியே எனக்கு ஒடம்பு பத்திக்கிச்சு. எனக்கே சொல்லாதத எவனோ கண்ணாடிக்காரனுக்குச் சொல்லியிருக்கான்! பவுலி சொன்னா, கம்பெனியில வேலைக்குக் கூப்புட்டாகளாம், அண்ணன் கொடிய விட்டுட்டு வரமாட்டேன்னு சந்தியாகு சொல்லிட்டானாம். நானும் யோசிச்சேன். கம்பெனி வேலைய எவனாவது வேணாம்பானா தாயி? வேணாம்னா, அதவிடப் பெருசா ஏதோ பேசி முடிச்சிருக்கான்னு அர்த்தம்.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்த வருசத்து ரசத்த கம்பெனிக்குக் குடுத்துருவான், திருவிழாவுக்கு வேற எதையோ ஊத்திக் கொண்டாந்துருவான். மாட்டு வண்டிக்காரன் செஞ்ச அதே வேலை. அந்தச் சாமியாரு எடத்துல நான் இருக்கேன். சும்மா விடுவேனா?

அவன் பழத்தப் பெசைஞ்சு சாடியில ஊத்துன மறுநாள் நான் போயி நின்னேன். இந்தத் தடவ சாடி என் வீட்டுல இருக்கட்டும்னேன். மொகம் செத்துப்போச்சு அவனுக்கு. "அண்ணே, இப்ப அசைக்கக் கூடாதுண்ணே"ன்னான். அதெல்லாம் எனக்குத் தெரியும்னு சொல்லி, வண்டியில வைக்கோலப் பரப்பி, நானே தூக்கி வெச்சுக் கொண்டாந்துட்டேன். பின்னாடியே விந்தி விந்தி வர்றான். "துணி மட்டும் போட்டு வைண்ணே. மூடிராத. அது மூச்சு விடணும்." சாடிக்கு ஏதுடா மூச்சுன்னேன். "பேச்சு நிக்கிற வரைக்குமாவது விட்டு வைண்ணே." கெஞ்சுறான் தாயி, கையப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சுறான். தொறந்து கெடந்தா யாருக்கு சவுரியம்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு திருவிழாவுக்கும் கோயிலுக்குப் போறப்ப சாடி வாயில மெழுகு ஊத்தி, இறுக்கக் கட்டித்தான் கொண்டுபோவான், நான் பாத்திருக்கேன். அப்ப மட்டும் மூச்சு வேணாமாக்கும்.

அந்தா தெரியுது பாருங்க ஓடு போட்ட அறை, அங்கதான் வெச்சேன். ஜன்னல் கெடையாது. சாடி வாயில பலகையப் போட்டு, பந்தல் கம்பிய குறுக்கயும் நெடுக்கயும் சுத்தி, கொறடு வெச்சு முறுக்குனேன். பந்தல் கட்டுற கை இது, நான் முறுக்குன கம்பி அசையாது. சுத்தி மெழுகுவர்த்திய உருக்கி ஊத்தி, சூட்டோட என் கட்டவெரல வெச்சு அமுக்குனேன். எவன் தொறந்தாலும் ரேகை காட்டிக் குடுத்துரும். கதவப் பூட்டுனேன். சாவி என் இடுப்புல. குளிக்கையிலயும் கழட்டல.

ரெண்டு மூணு நாளு போயிருக்கும். மத்தியானம் சாப்புட்டுக் கண்ணசந்தேன். வேட்டுப் போட்ட மாதிரி ஒரு சத்தம். திருவிழாவுக்கு இப்பவே வெடி போட்டுப் பாக்குறாகன்னுதான் நெனச்சேன். கதவுக்கு அடியில செவப்பா ஓடி வருது. இடுப்புச் சாவிய எடுத்துப் பூட்டத் தொறந்தேன். ஐயோ, அந்தக் கோலத்த எப்படிச் சொல்றது? செவுரு பூராச் செவப்பு, கூரையில செவப்பு, சாடி சுக்கு நூறாக் கெடக்குது. எங்க தாத்தா காலத்துச் சாடி தாயி. நான் அந்த ஈரத்துலயே உக்காந்து அழுதேன்.

அழுதுக்கிட்டே ஒண்ணக் கவனிச்சேன். பலகை இருக்கு, கம்பி இருக்கு, மெழுகு இருக்கு, என் ரேகை அப்படியே இருக்கு. அப்ப மூடியத் தொடவே இல்ல அவன்! பக்கவாட்டுல ஒடச்சிருக்கான். என்ன மூளை பாருங்க. ரேகை வெச்சிருக்கேன்னு எப்படியோ தெரிஞ்சிருக்கு. பவுலி அடுப்படியிலதான் இருந்தா. யாரும் வரலங்கிறா. வரலைன்னா எப்படி ஒடையும்? அவளும் அவன் பக்கந்தான்.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வர்றாக, சந்தியாகு ரொம்ப நேரம் கழிச்சு வந்தான். செஞ்சவன்தானே மெதுவா வருவான்? கால இழுத்துக்கிட்டு உள்ள வந்து, கூட்டத்த வெளிய நிக்கச் சொல்லிட்டு, கம்பியப் பாத்தான். மெழுகப் பாத்தான். என்னயப் பாத்தான். குனிஞ்சு, அந்தக் கம்பியையும் பலகையையும் எடுத்து, மெழுகச் சொரண்டி, எல்லாத்தையும் துண்டுல சுத்திக் கக்கத்துல வெச்சுக்கிட்டான். தடயத்த எடுத்துட்டான்! என் கண்ணு முன்னாலயே எடுத்துட்டான். நான் அழுதுக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தேன்.

இனிமேதான் முக்கியமானது. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் சாமியார் ஊரக் கூட்டி வெச்சுக் கேட்டாரு, என்ன நடந்துச்சுன்னு. நான் எந்திரிக்கிறதுக்குள்ள சந்தியாகு எந்திரிச்சான். "சாமி, சாடி என் கை தவறித்தான் ஒடஞ்சுபோச்சு. என் தப்பு. எங்க அண்ணனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல"ன்னான்.

கேட்டீகளா? நான் ஒரு சாட்சி சொல்லல, ஒரு கேள்வி கேக்கல. அவனே ஒத்துக்கிட்டான், பீடத்துக்கு முன்னாடி நின்னு. இதுக்கு மேல என்ன வேணும்? அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு. ஏன்னு தெரியல. பவுலி மட்டும் என்னயப் பாத்துக்கிட்டே அழுதா. பொம்பளைக கோயில்ல அழறதுக்குக் காரணமா வேணும்.

அந்தத் திருவிழாவுக்குக் கடையில இருந்து வந்த பாட்டிலத் தொறந்து பூசை வெச்சாக. யாருக்கு லாபம்? பாட்டில் விக்கிறவனுக்கு லாபம். ஊரு சந்தியாகுவத்தான் ஏசுச்சு. குடிச்சிட்டுப் போட்டு ஒடச்சிருப்பான்னு சொன்னாக, ஒரு சொட்டு தொடாதவன. தேருக்கு முன்னாடி நடக்கக் கூடாதுன்னுட்டாக. மறு வருசம் தேரு வந்தப்ப அவன் வீட்டுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு இருந்தான். அவன் வாசலத் தாண்டுறப்ப மேளம் கொஞ்சம் சத்தமா அடிச்ச மாதிரி எனக்குத் தோணுச்சு. அன்னில இருந்து நான் அவங்கிட்டப் பேசுறதில்ல. நான் கூடை எறக்கல, அவன் கேக்கல. கம்பெனியும் மழை ஒத்துக்கலைன்னு கம்பியெல்லாம் துருப்புடிக்க விட்டுட்டுப் போயிருச்சு. போன மாதிரி காட்டிக்கிறாக, நான் நம்பல.

என் பழத்த இப்ப யாவாரி வந்து அள்ளிட்டுப் போயிருறான். சந்தியாகு ரொம்ப முடியாமக் கெடக்கான்ல? பாத்தீகளா அவன? இருமுறது இங்க வரைக்கும் கேக்குது. ராத்திரி அது கேக்காட்டி எனக்குத் தூக்கம் வர்றதில்ல. பாருங்க, அவன் மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு. ஒரே ஒரு விசயந்தான் இன்னிக்கு வரைக்கும் வெளங்கல. கதவுல பூட்டு, சாவி எங்கிட்ட, ஜன்னல் கெடையாது. எப்படி உள்ள வந்தான்? அத மட்டும் அவன் ஒடச்சுச் சொல்லிட்டா, நான் போயி அவன் கட்டில்ல உக்காந்துருவேன். சத்தியமா உக்காந்துருவேன். நாமளாப் போயி கேக்க முடியுமா? அவன்தானே சொல்லணும்.

இப்ப நீங்க சொல்லுங்க. சாடியப் பத்தி என்ன சொன்னான்?

கேட்டீகளா? நீங்களே கேட்டீகளா, எப்படி உள்ள போனீகன்னு? என்ன சொன்னான்?

கூரை ஓட்டப் பிரிச்சா?

ஓட்டப் பிரிச்சு எறங்குனேன்னானா? அவன் வாயாலயே சொன்னானா? அண்ணன் கேட்டா அப்படித்தான்னு சொல்லச் சொன்னானா! ஏ பவுலீ! இங்க வா! கேட்டியா? ஓட்டப் பிரிச்சு எறங்குனானாம்! நாந்தான் அன்னிக்கே சொன்னேன்ல, எவனோ வந்தான்னு? நீ என்னமோ யாரும் வரலைன்னியே. ஏணி போட்டு ஏறி, ஓட்டு மேல நடந்து, ஓட்டப் பிரிச்சு, கயிறு புடிச்சு...

...எறங்குனானாம்.

ஏன் பவுலி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற? சொல்லேன். ஏதாவது சொல்லேன்.

அந்தச் செவுரு ஏணியில்லாம எனக்கே எட்டாது தாயி. சின்னப்புள்ளையில மாட்டு வண்டியில ஏறணும்னாக்கூட நாந்தான் அவன அக்குள்ல கை குடுத்துத் தூக்கி வைக்கணும். படி ஏறுனா என் தோளப் புடிச்சுக்குவான். அந்தக் கால வெச்சுக்கிட்டு...

அந்தக் கால வெச்சுக்கிட்டு ஓட்டு மேல ஏறுனேங்கிறானே.

மூடிராதண்ணேன்னு சொன்னான். கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னான்.

அந்த செல்ல அணைச்சிருங்க தாயி. இல்ல, நீங்க உக்காருங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல. பவுலீ, அந்தக் கத்திரிய எடு. மேல, அந்த ஓரத்துல நல்லாப் பழுத்த குலையா ரெண்டு மூணு இருக்கு. அந்தப் பழைய மூங்கில் கூடை இன்னும் இருக்கா, தூக்கிப் போட்டுட்டியா?